ஒருவர் ஸ்டார் ஆனார், இருவர் மறக்கப்பட்டார்கள்: புரோகிரசிவ் ராக்குக்குப் பாதை போட்ட ‘தி நைஸ்’ கதை

உங்கள் டீமிலேயே திறமையான ஆள் ஒருநாள் பேப்பர் போடுகிறார். மூன்று வருடம் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்த ஃபார்முலாவோடு புது இடத்துக்குப் போய், அதை வைத்தே உலகப் புகழ் பெறுகிறார். நீங்களும் மனதைத் தேற்றிக்கொண்டு, அதே அளவு திறமை உள்ள இன்னொருவரைத் தேடிப் பிடிக்கிறீர்கள். சேர்ந்து ஒரே ஒரு வேலைதான் முடிகிறது. அவரையும் இன்னொரு பெரிய கம்பெனி தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

எப்படி இருக்கும்?

பிரிட்டனைச் சேர்ந்த பேஸ் கிட்டார் கலைஞர் லீ ஜாக்சனுக்கும், டிரம்ஸ் கலைஞர் பிரையன் டேவிசனுக்கும் இது நிஜமாகவே நடந்தது. 1970-இல் அவர்களை விட்டுப் போனவர் கீத் எமர்சன். போன இடம் ‘எமர்சன், லேக் அண்ட் பாமர்’. 1974-இல் விட்டுப் போனவர் பேட்ரிக் மொராஸ். போன இடம் ‘யெஸ்’. இரண்டுமே புரோகிரசிவ் ராக் வரலாற்றின் மிகப் பெரிய பெயர்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், 1967 முதல் 1970 வரை, இந்த இசையின் சமையல் குறிப்பை மேடையிலேயே எழுதிப் பார்த்த குழு ஒன்று இருந்தது. அதன் பெயர் ‘தி நைஸ்’. அந்தப் பெயரை இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில், புரோகிரசிவ் ராக் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடங்க மறுத்த ராக் இசை.

1960-களின் நடுவில் ராக் என்றால் பெரும்பாலும் இப்படித்தான்: கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஒரு பாடகர். சரணம், பல்லவி, நடுவில் குட்டியாக ஒரு கிட்டார் சோலோ, முடிந்தது. ரேடியோவில் ஓட வேண்டும், ஜூக்பாக்ஸில் விற்க வேண்டும். அதனால் நீளமும் வடிவமும் கிட்டத்தட்ட ஃபிக்ஸ்.

புரோகிரசிவ் ராக் இதை உடைத்தது. ஒரே பாடல் எல்பி தட்டின் ஒரு பக்கம் முழுக்க, அதாவது 20 நிமிடம் வரை ஓடும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும். மேற்கத்திய செவ்வியல் இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் துண்டுகள் வரும். கீபோர்டு, கிட்டாருக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ நிற்கும். எமர்சன் லேக் பாமரின் ‘டார்க்கஸ்’ (1971), யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ (1972), ஜெனிசிஸ் குழுவின் ‘சப்பர்ஸ் ரெடி’ (1972) எல்லாம் இந்த வகை.

இவற்றைக் கேட்டுவிட்டு ‘தி நைஸ்’ பக்கம் வந்தால், ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். இந்த அம்சங்களில் பலவற்றை இவர்கள் 1968-லேயே முயன்று பார்த்துவிட்டார்கள்.

பின்னணி வாசிக்க வந்தவர்கள்

‘தி நைஸ்’ ஒரு தனிக்குழுவாகவே பிறக்கவில்லை. அதுதான் கதையின் முதல் ட்விஸ்ட்.

பி.பி. ஆர்னால்ட் என்ற அமெரிக்க சோல் பாடகி, ஐக் அண்ட் டினா டர்னர் குழுவின் பின்னணிப் பாடகியாக 1966-இல் இங்கிலாந்து வந்தார். அங்கேயே தங்கி, ‘இமிடியட் ரெக்கார்ட்ஸ்’ நிறுவனத்தில் ஒப்பந்தம் ஆனார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேனேஜராக இருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டாம், டோனி கால்டருடன் சேர்ந்து 1965-இல் ஆரம்பித்த நிறுவனம் அது. மேடையில் ஆர்னால்டுக்கு வாசிக்க ஒரு குழு தேவைப்பட்டது. 1967-இல் கீத் எமர்சனிடம் அந்தப் பொறுப்பு வந்தது.

எமர்சன் இங்கிலாந்தின் டோட்மார்டனில் பிறந்து, வொர்திங் என்ற கடலோர ஊரில் வளர்ந்தவர். பெரிய இசைக் கல்லூரி எதிலும் படித்தவர் இல்லை. உள்ளூர் பியானோ ஆசிரியர்கள், ரேடியோவில் கேட்ட ஜாஸ், இவைதான் அவருடைய பள்ளிக்கூடம். அவர் தன்னோடு ஏற்கெனவே ‘டி-போன்ஸ்’ குழுவில் வாசித்த லீ ஜாக்சனை அழைத்தார். கிட்டாருக்கு டேவிட் ஓ’லிஸ்ட் வந்தார். சில மாதங்களில் டிரம்ஸில் பிரையன் டேவிசன் உட்கார்ந்தார்.

ஆர்னால்ட் மேடை ஏறும் முன்னால் கூட்டத்தைச் சூடாக்க இவர்களே கொஞ்ச நேரம் தனியாக வாசிப்பார்கள். அந்த ‘கொஞ்ச நேரம்’தான் எல்லாவற்றையும் மாற்றியது. 1967 ஆகஸ்டில் வின்ட்சரில் நடந்த ஜாஸ் அண்ட் ப்ளூஸ் விழாவில் இவர்களுக்குத் தனியாக வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது. மெயின் மேடைகூட இல்லை, ஓரமாக ஒரு கூடாரம். ஆனால் அந்த வாசிப்பு பேசப்பட்டது. ஆர்னால்டோடு வேலை முடிந்ததும் இமிடியட் நிறுவனம் இவர்களையே தனிக்குழுவாக ஒப்பந்தம் செய்தது.

அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் ஒரு பிரிட்டன் டூர். ஒரே டிக்கெட்டில் யாரெல்லாம் என்று பாருங்க: ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், பிங்க் ஃபிளாய்ட், தி மூவ், ஆமென் கார்னர், தி நைஸ். ஒரு ஊரில் பிங்க் ஃபிளாய்டின் சிட் பாரெட் வராமல் போக, அவருக்குப் பதிலாக மேடை ஏறி கிட்டார் வாசித்தவர் நம்ம ஓ’லிஸ்ட்.

மூன்று நிமிடப் பாட்டை உடைத்தது எப்படி?

முதல் ஆல்பத்தின் பெயரே ஒரு விளையாட்டு: ‘தி தாட்ஸ் ஆஃப் எமர்லிஸ்ட் டேவ்ஜாக்’. எமர்சன், ஓ’லிஸ்ட், டேவிசன், ஜாக்சன் என்ற நாலு பேர் பெயரையும் வெட்டி ஒட்டி உருவாக்கிய ஒரு கற்பனை ஆள். நாலு பேரும் சமம் என்று சொல்வது போல இருந்தது அந்தப் பெயர்.

அதில் ‘ரோண்டோ’ என்று எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு டிராக் இருக்கிறது. அதன் மூலம் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக் 1959-இல் ‘டைம் அவுட்’ ஆல்பத்தில் வெளியிட்ட ‘ப்ளூ ரோண்டோ அலா டர்க்’. துருக்கியில் தெருக் கலைஞர்கள் வாசித்ததைக் கேட்டு ப்ரூபெக் உருவாக்கியது அது. ஒரு சுற்றுக்கு ஒன்பது எண்ணிக்கை. அதையும் 2+2+2+3 என்று பிரித்திருப்பார். கைதட்டிப் பார்த்தால் கடைசி மூன்றில் கால் இடறும்.

எமர்சன் என்ன செய்தார்? அந்த ஒன்பதை நேரான நாலு எண்ணிக்கைத் தாளமாக மாற்றினார். வேகத்தை ஏற்றினார். நடுவில் பாக்கின் இசைத் துண்டு ஒன்றைச் செருகினார். டேவிசனின் டிரம்ஸும் ஜாக்சனின் பேஸும் ரயில் மாதிரி ஓட, அதன் மேல் ஆர்கன் பறந்தது.

சும்மா ஒரு ஜாஸ் டியூனை ராக்காக வாசிப்பது பெரிய விஷயமில்லை. இங்கே நடந்தது வேறு. ஜாஸிலிருந்து ஒரு மெட்டு, பரோக் காலத்திலிருந்து ஒரு துண்டு, ராக்கின் சத்தம், மூன்றையும் ஒரே ஓட்டத்தில் கோத்தார்கள். கேட்பவர்கள் அதற்கு ஆடவும் செய்தார்கள். புரோகிரசிவ் ராக் அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் செய்தது பெரும்பாலும் இதைத்தான்.

அந்தக் கத்தி எதற்கு?

‘தி நைஸ்’ பற்றிப் பேசினாலே முதலில் வருவது கத்திக் கதைதான். எமர்சன் மேடையில் ஹாமண்ட் ஆர்கனைச் சாய்ப்பார், மேலே ஏறுவார், இழுப்பார், பிறகு கீ-களுக்கு நடுவில் கத்தியைச் செருகுவார். அந்தக் கத்திகளைக் கொடுத்தது யார் தெரியுமா? அப்போது குழுக்களுக்குச் சாமான் தூக்கும் ரோடியாக இருந்த லெம்மி. ஆமாம், பின்னாளில் ‘மோட்டார்ஹெட்’ ஆரம்பித்த அதே லெம்மிதான்.

பார்க்க வெறும் ஷோ மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஒரு டெக்னிக்கல் காரணமும் உண்டு.

பியானோவில் ஒரு கீ-யை அழுத்தினால் சத்தம் கொஞ்ச நேரத்தில் தேய்ந்து மறைந்துவிடும். ஹாமண்ட் ஆர்கன் அப்படியில்லை. அதற்குள்ளே பல் வைத்த சிறு உலோகச் சக்கரங்கள் காந்தங்களுக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சி மின் அலையாக மாறி, ஸ்பீக்கரில் ஒலியாக வரும். கீ அழுந்தி இருக்கும் வரை ஒலி நிற்காது. அப்போ கீ-யை ஒரு கத்தியால் அழுத்தி வைத்துவிட்டால்? தம்பூரா போல ஒரு ஒலி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எமர்சனின் இரண்டு கையும் ஃப்ரீ. அந்த நேரத்தில் ஆர்கனை ஆட்டினால், உள்ளே எதிரொலி உண்டாக்கும் ஸ்ப்ரிங் அதிர்ந்து இடி மாதிரி ஒரு சத்தம். மோட்டாரை நிறுத்தினால் சுருதி அப்படியே வழுக்கிக் கீழே இறங்கும்.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாரை வைத்து என்ன செய்தாரோ, அதை ஒரு ஆர்கனை வைத்துச் செய்ய முடியும் என்று எமர்சன் காட்டினார். தேவாலயத்திலும் ஜாஸ் கிளப்பிலும் ஓரமாக உட்கார்ந்திருந்த கருவி, ராக் மேடையின் நடுவுக்கு வந்தது.

எரிந்த கொடி

1968 அமெரிக்காவுக்கு மோசமான ஆண்டு. வியட்நாம் போர் உச்சத்தில். ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூனில் ராபர்ட் கென்னடி.

அந்த ஆண்டு ‘தி நைஸ்’ வெளியிட்ட சிங்கிள் ‘அமெரிக்கா’. லியனார்ட் பெர்ன்ஸ்டைன் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ என்ற இசை நாடகத்துக்காக அமைத்த துள்ளலான பாட்டு அது. இவர்கள் அதிலிருந்து வரிகளை எடுத்துவிட்டு, செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் அமெரிக்காவில் இருந்தபோது எழுதிய ‘நியூ வேர்ல்ட்’ சிம்பொனியின் பகுதியைச் சேர்த்தார்கள். கொண்டாட்டமான மெட்டு கோபமாக மாறியது. கடைசியில் ஒரு சின்னக் குழந்தையின் குரல் மட்டும் ஒரு வாக்கியம் பேசி முடிக்கும். மற்றபடி ஒரு வார்த்தை கிடையாது. வார்த்தையே இல்லாத எதிர்ப்புப் பாட்டு!

ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு இன்ஸ்ட்ருமென்டல், பிரிட்டன் பட்டியலில் 21-வது இடம் வரை வந்தது.

ஜூன் 26 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சி. இந்தப் பாட்டை வாசிக்கும்போது, அமெரிக்கக் கொடி வரையப்பட்ட ஓவியத்தை எமர்சன் மேடையிலேயே எரித்தார். விளைவு, அந்த அரங்கில் குழுவுக்குத் தடை. எமர்சன் அங்கே தன் புது சகாக்களோடு 1992-இல் வாசித்தார். ஆனால் அப்போது பேனரில் இருந்த பெயர் ‘தி நைஸ்’ இல்லை.

கிட்டார் இல்லாத ராக்

1968 இறுதிக்குள் கிட்டார் கலைஞர் ஓ’லிஸ்ட் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். புது ஆளைத் தேடினார்கள். வந்து வாசித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் ஹவ். பின்னாளில் யெஸ் குழுவின் கிட்டார் கலைஞராகப் பெரும் பெயர் பெற்றவர். ஆனால் அவர் சேரவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கிட்டாரே வேண்டாம்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு ராக் இசைக்குக் கிட்டார்தான் முகம். ஹெண்ட்ரிக்ஸும் எரிக் க்ளாப்டனும் கடவுள்களாக இருந்த நேரம். அப்போது ஆர்கன், பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்து அரங்கத்தை நிரப்பக் கிளம்பியது பெரிய ரிஸ்க்.

அந்தச் சமயத்தில் வெளியான இரண்டாவது ஆல்பம் ‘ஆர்ஸ் லாங்கா விட்டா ப்ரெவிஸ்’. லத்தீனில் ‘கலை நீண்டது, வாழ்க்கை குறுகியது’ என்று பொருள். அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ முழுவதும் ஒரே தொடர்ப் படைப்பு. ஆர்கெஸ்ட்ரா முன்னுரையில் தொடங்கி, டிரம்ஸ் சோலோவுக்குப் போய், பாக்கின் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவைத் தொட்டு, ஆர்கெஸ்ட்ராவோடு போய் முடியும். அதே ஆல்பத்தில் ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் ‘கரேலியா’ பகுதியும் உண்டு.

1969-இல் வந்த மூன்றாவது ஆல்பம் ‘நைஸ்’ பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அதாவது இது யாரும் கேட்காத அண்டர்கிரவுண்ட் குழு இல்லை. தன் காலத்தில் நல்ல வெற்றி கண்ட குழு. பின்னால் மறக்கப்பட்டது என்பதுதான் விஷயமே.

நியூகாஸிலின் ஐந்து பாலங்கள்

லீ ஜாக்சன் வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாஸில்காரர். டைன் நதி, கப்பல் கட்டும் தளம், நிலக்கரி என்று உழைப்பாளிகளின் ஊர். அந்த ஊரின் கலைவிழா, ‘தி நைஸ்’ குழுவிடம் ஒரு புதுப் படைப்பைக் கேட்டது. அப்படிப் பிறந்ததுதான் ‘ஃபைவ் பிரிட்ஜஸ்’. அன்று நகரத்தில் டைன் நதியைக் கடந்த ஐந்து பாலங்கள்தான் பெயருக்குக் காரணம்.

இசை எமர்சனுடையது, வரிகள் ஜாக்சனுடையது. தன் ஊரைப் பற்றி, அங்கிருந்து கிளம்பியும் மனசால் கிளம்ப முடியாத ஒருவரின் குரலில் அவர் எழுதினார். ஐந்து பகுதிகள். ஒன்றில் குழு தனியாக, ஒன்றில் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் மாறி மாறி. ‘ஹை லெவல் ஃபியூக்’ என்ற பகுதி நியூகாஸிலின் ஹை லெவல் பாலத்தின் பெயரைத் தாங்கியது. கடைசிப் பகுதியில் ஜாஸ் ஊதுகருவிக் கலைஞர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

1969 அக்டோபர் 10 அன்று நியூகாஸில் சிட்டி ஹாலில் அரங்கேற்றம். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 17 அன்று க்ராய்டனின் ஃபேர்ஃபீல்ட் ஹால்ஸில் மீண்டும் வாசித்தபோது ரெக்கார்ட் செய்தார்கள். ஆர்கெஸ்ட்ரா, சின்ஃபோனியா ஆஃப் லண்டன். நடத்தியவர் ஜோசப் ஈகர்.

எமர்சனின் பெயர் முன்னால் நின்றாலும், இந்தப் படைப்பின் இதயம் ஜாக்சனின் ஊர்தான். குழு என்றால் ஒரே ஒரு மேதையும் மற்ற இருவரும் மட்டும் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

அப்புறம் ஏன் உடைந்தது?

1969 டிசம்பர். சான்பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கம். ஒரே நிகழ்ச்சியில் இரண்டு பிரிட்டிஷ் குழுக்கள்: ‘தி நைஸ்’ மற்றும் ‘கிங் கிரிம்சன்’. கிரிம்சனின் முதல் ஆல்பம் அப்போதுதான் அக்டோபரில் வந்திருந்தது. அதில் பாடிய கிரெக் லேக், பேஸும் வாசிப்பார், குரலும் தெளிவாக ஒலிக்கும். ஜாக்சனின் குரல் கரகரப்பானது. ராக்குக்கு ஓகே, ஆனால் எமர்சன் மனதில் ஓடிய பெரிய மெல்லிசைக்கு வேறு குரல் தேவைப்பட்டது.

எமர்சனும் லேக்கும் பேசினார்கள். 1970 மார்ச் இறுதியோடு ‘தி நைஸ்’ முடிந்தது.

இதற்கிடையே எமர்சன் இன்னொரு விஷயத்தையும் கண்டுபிடித்திருந்தார். வெண்டி கார்லோஸ் 1968-இல் பாக்கின் இசையை முழுக்க மோக் சிந்தசைசரில் வாசித்து வெளியிட்ட ‘ஸ்விட்ச்ட்-ஆன் பாக்’ ஆல்பத்தைக் கேட்டு அசந்துபோனார். மைக் விக்கர்ஸ் என்ற இசைக்கலைஞரிடமிருந்து ஒரு மோக்கை இரவல் வாங்கி, ‘தி நைஸ்’ கச்சேரியிலேயே அதை முயன்று பார்த்தார். ஆக, எமர்சனின் பிற்கால அடையாளமான மோக்குக்கும் ஒத்திகை நடந்த இடம் இதே குழுதான்.

அடுத்து நடந்தது உலகத்துக்கே தெரியும். 1970 ஆகஸ்டில் எமர்சன், லேக், டிரம்ஸ் கலைஞர் கார்ல் பாமர் மூவரும் ஐல் ஆஃப் வைட் விழாவில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார்கள். ஆர்கன், பேஸ், டிரம்ஸ். கிட்டாருக்குத் தனி ஆள் இல்லை. செவ்வியல் இசையைத் தழுவிய நீளமான படைப்பு. கத்தி. அன்றைய பட்டியலில் ‘ரோண்டோ’வும் இருந்தது. அதாவது ‘தி நைஸ்’ பாட்டே!

இதில் கொடுமை என்ன தெரியுமா? ‘ஃபைவ் பிரிட்ஜஸ்’ ஆல்பம் கடைக்கு வந்தது 1970 ஜூனில். குழு கலைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அது பிரிட்டன் பட்டியலில் இரண்டாம் இடத்துக்குப் போனது. அவர்களின் மிகப் பெரிய வெற்றி வந்தபோது அதைக் கொண்டாட குழுவே இல்லை.

விட்டுப்போனவர்களுக்குப் பின்னால்

ஜாக்சன் ‘ஜாக்சன் ஹைட்ஸ்’ என்று ஒரு குழுவைத் தொடங்கினார். டேவிசன் ‘எவ்ரி விச் வே’ என்று ஒன்றைத் தொடங்கினார். இரண்டும் பெரிதாக எடுபடவில்லை.

1973-இல் இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் மொராஸ் கீபோர்டில். குழுவின் பெயர் ‘ரெஃப்யூஜி’. 1974-இல் வந்த அவர்களின் ஒரே ஸ்டுடியோ ஆல்பத்தை இன்று கேட்டாலும், ‘அட, இவங்க ஏன் பெரிய ஆளாகல?’ என்று தோன்றும்.

பதில் எளிது. அதே ஆண்டு ரிக் வேக்மன் யெஸ் குழுவை விட்டு விலகினார். யெஸ், மொராஸை அழைத்தது. அவர் போனார். ‘ரிலேயர்’ ஆல்பத்தில் கீபோர்டு வாசித்தது அவர்தான். ‘ரெஃப்யூஜி’ அதோடு முடிந்தது.

இதில் யாரையும் வில்லன் ஆக்க முடியாது. பெரிய வாய்ப்பு வந்தால் நாமும் போவோம். ஆனால் வரலாறு எழுதும்போது, போனவர்களின் புது ஆபீஸ் அட்ரஸை மட்டும் குறித்துக்கொண்டு, அவர்கள் வேலை கற்ற இடத்தை விட்டுவிடக் கூடாது, இல்லையா?

யாரையெல்லாம் பாதித்தது?

முதலில் ஜெனிசிஸ். அதன் கீபோர்டு கலைஞர் டோனி பேங்க்ஸ், ‘தி நைஸ்’ தன்னை ஈர்த்ததை வெளிப்படையாகச் சொன்னவர். 1970-இல் வந்த ‘ட்ரெஸ்பாஸ்’ ஆல்பத்தின் ‘தி நைஃப்’ பாட்டில், பாய்ந்து ஓடும் அந்த ஆர்கனைக் கேட்டாலே உறவு புரிந்துவிடும்.

இரண்டாவது, நெதர்லாந்தின் ‘எக்செப்ஷன்’. செவ்வியல் படைப்புகளை ராக்காக வாசித்து ஐரோப்பாவில் பெயர் வாங்கிய இந்தக் குழு, ‘தி நைஸ்’ வாசித்ததைப் பார்த்த பிறகுதான் அந்தப் பாதைக்குத் திரும்பியது.

மூன்றாவது, இசைக்கு வெளியே ஒரு பாதிப்பு. ‘தி நைஸ்’ குழுவின் மேனேஜர் டோனி ஸ்ட்ராட்டன்-ஸ்மித் 1969-இல் ‘கரிஸ்மா ரெக்கார்ட்ஸ்’ என்று சொந்த நிறுவனம் ஆரம்பித்தார். ‘ஃபைவ் பிரிட்ஜஸ்’ வந்தது அதில்தான். ஜெனிசிஸுக்கும் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டருக்கும் வீடாக அமைந்ததும் அதே நிறுவனம்தான். புரோகிரசிவ் ராக் வளர ஒரு கூரை கிடைத்தது.

சரி, இவங்கதான் முதல் ஆளா?

அப்படிச் சொன்னால் அது மிகைப்படுத்தல். மூடி ப்ளூஸ் 1967-லேயே ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ ஆல்பத்தில் ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டுவந்துவிட்டார்கள். புரோகல் ஹாரம் அதே ஆண்டு பாக் சாயல் கொண்ட ஆர்கனை ஹிட் ஆக்கினார்கள். 1968-இல் 17 நிமிடப் படைப்பு ஒன்றையும் தந்தார்கள். டீப் பர்பிள் ஆல்பர்ட் ஹாலில் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தது 1969 செப்டம்பர் 24, ‘ஃபைவ் பிரிட்ஜஸ்’ அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பு.

புரோகிரசிவ் ராக்குக்குத் தந்தை என்று ஒருவரைக் காட்ட முடியாது. பல குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. ஆனால் கீபோர்டை முன்னால் நிறுத்திய மூவர் குழு, செவ்வியல் இசையை ராக் சத்தத்தில் மறு ஆக்கம் செய்வது, ஆர்கனை வைத்தே நாடகம் போடும் மேடை, இந்த மூன்றும் ஒரே பேக்கேஜாகக் கிடைத்தது ‘தி நைஸ்’ குழுவில்தான்.

பிறகு ஏன் மறந்தோம்?

மூன்று காரணங்கள் தெரிகின்றன.

ஒன்று, வாரிசு ரொம்பப் பெரிதாகிவிட்டது. எமர்சன் லேக் பாமர் விளையாட்டு அரங்கங்களை நிரப்பியபோது, ‘தி நைஸ்’ என்பது எமர்சனின் பயோடேட்டாவில் ‘முந்தைய அனுபவம்’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கியது.

இரண்டு, இமிடியட் நிறுவனம் 1970-இல் மூழ்கியது. அதில் இருந்த ‘ஸ்மால் ஃபேசஸ்’ போன்ற குழுக்கள் தங்களுக்குச் சேர வேண்டிய ராயல்டிக்காகப் பல ஆண்டுகள் அல்லாடின. ‘தி நைஸ்’ குழுவின் முதல் மூன்று ஆல்பங்களும் அந்த நிறுவனத்தோடது. பின்னால் நின்று தாங்கிப் பிடிக்க கம்பெனி இல்லாத பாட்டு, காலப்போக்கில் ஓரமாகப் போய்விடும்.

மூன்று, இவர்கள் பலம் மேடை. பார்த்தவர்களுக்கு மறக்காது. ஸ்டுடியோ ஆல்பங்களில் அந்த நெருப்பு பாதிதான் பதிவானது.

2002-இல் எமர்சன், ஜாக்சன், டேவிசன் மூவரும் மீண்டும் மேடையேறினார்கள். கிளாஸ்கோ கச்சேரி ‘விவாசிட்டாஸ்’ என்ற ஆல்பமாக வந்தது. 2008 ஏப்ரலில் டேவிசன் காலமானார். 2016 மார்ச்சில் எமர்சனும் மறைந்தார். எமர்சன் மறைவுச் செய்திகளின் தலைப்புகளில் பெரும்பாலும் இருந்தது எமர்சன் லேக் பாமர் பெயர்தான். எதிர்பார்த்ததுதான்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஹெட்போன் ரெடியா? இந்த வரிசையில் போங்க.

1. ‘ரோண்டோ’: முதலில் ப்ரூபெக்கின் ‘ப்ளூ ரோண்டோ அலா டர்க்’ கேளுங்கள், ஒன்பதை எண்ணிப் பாருங்கள். உடனே இதைக் கேளுங்கள். என்ன மாறியது என்று உங்களுக்கே புரியும்.

2. ‘அமெரிக்கா’: ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ வடிவம் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. சந்தோஷமான மெட்டு எந்த இடத்தில் கோபமாகிறது என்று கவனியுங்கள்.

3. ‘கரேலியா சூட்’: ராக் கேட்காதவர்களுக்கும் பிடிக்கும். மெட்டு அவ்வளவு எளிமை.

4. ‘ஃபைவ் பிரிட்ஜஸ்’: முழுசாக, ஒரே மூச்சில். ட்ரெயின் பயணத்துக்கு ஏற்றது. டிரம்ஸை மட்டும் ஒருமுறை தனியாகக் கவனியுங்கள், டேவிசன் யார் என்று தெரியும்.

5. கடைசியாக ‘ரெஃப்யூஜி’ ஆல்பம். மேலே சொன்ன நாலையும் கேட்ட பிறகு இதைப் போட்டால், ஜாக்சனும் டேவிசனும் இரண்டாவது முறை எதை இழந்தார்கள் என்று விளக்கம் இல்லாமலே புரியும்.

அடுத்த முறை ஏதோ ஒரு லிஸ்ட்டில் ‘புரோகிரசிவ் ராக்கின் முன்னோடிகள்’ என்று எமர்சன் லேக் பாமரையும் யெஸ் குழுவையும் பார்த்தால், இன்னும் ரெண்டு பெயரைச் சேர்த்துக்கோங்க: லீ ஜாக்சன், பிரையன் டேவிசன்.